தோற்றுக்கொண்டே இருந்த அணியில் டிக் பட்கஸ்

1969-ஆம் ஆண்டு அமெரிக்கக் கால்பந்தின் சிகாகோ பேர்ஸ் அணி 14 ஆட்டங்கள் ஆடி 13-இல் தோற்றது. 1920-இல் என்.எஃப்.எல். லீக் தொடங்கிய நாளிலிருந்து இருக்கும் அணி அது. அதன் வரலாற்றில் அவ்வளவு மோசமான வெற்றி விகிதம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அதே ஆண்டு லீக்கின் சிறந்த தற்காப்பு வீரர் என்று என்.இ.ஏ. செய்தி நிறுவனம் தேர்ந்தெடுத்தவர் இந்த அணிக்காரர். அடுத்த ஆண்டும் பேர்ஸ் ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். விருது மறுபடியும் அவருக்கே போனது. டிக் பட்கஸ், நடு லைன்பேக்கர், சட்டை எண் 51.

வேலைக்காக சிகாகோ பக்கம் வந்து குடியேறிய பிறகுதான் எனக்கு அமெரிக்கக் கால்பந்து பழக்கமானது. இங்கே எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் பேர்ஸ் பற்றிப் பேச்செடுத்தால், கோப்பை ஜெயித்த 1985 அணியைப் பற்றி உற்சாகமாகச் சொல்வார்கள். அப்புறம் பேச்சு தானாகவே பட்கஸிடம் வந்து நிற்கும். கோப்பையைத் தொட்டே பார்க்காத ஒருவரைப் பற்றி அவ்வளவு மரியாதையோடு ஏன் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் அவருடைய பழைய ஆட்டப் படங்களைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். அந்தப் படத்துண்டுகளின் கீழே எல்லாரும் எழுதுவது ஒன்றுதான்: மிருகம், ராட்சசன், கொலைகாரன். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர் களத்தில் பயன்படுத்திய மூளையும், அந்த ஆட்டத்துக்காக அவர் உடம்பு கொடுத்த விலையும் அந்தச் சொற்களுக்குள் காணாமல் போய்விடுகின்றன.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்து முதலில் குவார்ட்டர்பேக்கின் கைக்கு வரும். அவர் அதை ஓட்டக்காரரிடம் கொடுக்கலாம், தூரத்தில் ஓடும் ஒருவருக்கு எறியலாம். எதிரணி அதைத் தடுக்க வேண்டும். முன்வரிசையில் மலை மலையாக நான்கு பேர். கடைசியில் வேகமாக ஓடக்கூடிய நான்கு பேர். நடுவில் மூன்று லைன்பேக்கர்கள். அந்த மூவரில் மையத்தில், குவார்ட்டர்பேக்குக்கு நேர் எதிரே நிற்பவர்தான் நடு லைன்பேக்கர். முன்வரிசையைத் தாண்டி நடுவே வரும் ஓட்டக்காரரை அவர்தான் சாய்க்க வேண்டும். பந்து எறியப்பட்டால் பின்னால் ஓடிப்போய்க் காவல் காக்க வேண்டும். தன் அணி எப்படி நிற்க வேண்டும் என்று கத்திச் சொல்வதும் அவரே.

பட்கஸ் ஆறடி மூன்று அங்குலம், 245 பவுண்டு. அதாவது 111 கிலோ. அன்றைக்கு அந்த இடத்தில் ஆடியவர்களில் இது பெரிய உருவம். ஓட்டப்பந்தய வேகம் அவரிடம் இல்லை. ஒரு படத்துண்டை மெதுவாக ஓடவிட்டு அவருடைய காலை மட்டும் பாருங்கள். பந்து நகரும் முன்பே எதிரணியினர் நிற்கும் விதத்தைப் பார்த்து அவர் இடம் மாறிக்கொண்டிருப்பார். பந்து கைமாறியதும் அவருடைய முதல் அடி பெரும்பாலும் சரியான பக்கத்தில்தான் விழும். ஓட்டக்காரர் இடப்பக்கம் போவதுபோல் பாவனை காட்டினாலும் பட்கஸின் இடுப்பு திரும்பாது. தன்னைத் தடுக்க வரும் ஆளை ஒரு கையால் ஒதுக்கித் தள்ளிவிட்டு, ஓட்டக்காரர் எந்த இடைவெளியை நம்பி வருகிறாரோ அங்கே போய் நிற்பார். பார்க்கிறவர்களுக்கு அவர் திடீரென்று முளைத்ததுபோல் இருக்கும்.

அதன் பிறகு நடப்பதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. பொதுவாகத் தற்காப்பு வீரர்கள் குனிந்து காலைப் பிடித்துச் சாய்ப்பார்கள். பட்கஸ் நிமிர்ந்து நெஞ்சுக்கு வருவார். இரண்டு கைகளாலும் ஆளைச் சுற்றி வளைத்து, தரையிலிருந்து தூக்கி, தன் எடையையும் சேர்த்துக் கீழே போடுவார். இத்தனைக்கும் நடுவில் ஒரு கை பந்தைத் தேடிக்கொண்டிருக்கும். ஆளைச் சாய்த்தால் அந்த ஒரு வாய்ப்புதான் முடியும், பந்தைப் பிடுங்கினால் எதிரணியின் முறையே முடிந்துவிடும் என்ற கணக்கு அது. தரையில் ஆள்மேல் ஆளாக விழுந்து கிடக்கும் குவியலுக்குள்ளிருந்து பந்தோடு எழுந்து வருவது அவருக்கு வாடிக்கை. 119 ஆட்டங்களில் எதிரணி எறிந்த பந்தை 22 முறை இடைமறித்துப் பிடித்தார். நழுவிய பந்துகளை 27 முறை கைப்பற்றினார். அவர் ஓய்வு பெற்றபோது தற்காப்பு வீரர்களில் அதுவே சாதனை. எத்தனை பேரைச் சாய்த்தார், எத்தனை பந்துகளைக் கைகளிலிருந்து பிடுங்கினார் என்பதையெல்லாம் அந்தக் காலத்தில் லீக் அதிகாரபூர்வமாக எண்ணவே இல்லை. எண்ணியிருந்தால் இன்றைய பட்டியல்கள் வேறு மாதிரி இருந்திருக்கும் என்பது என் நம்பிக்கை.

அந்தக் கோபத்தை அவர் எங்கிருந்து எடுத்தார் என்பதை அவரே சொல்லியிருக்கிறார். ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளக் களத்துக்கு வரும்போது, கோபம் வரும்படியான காரணங்களைத் தானே உண்டாக்கிக்கொள்வாராம். எதிரணியில் யாராவது ஏதோ ஒரு விஷயத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தால் போதும். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறான், பேர்ஸைப் பார்த்துத்தான் சிரிக்கிறான் என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வாராம். எப்போதும் வேலை செய்த உத்தி அது என்றார். இதை முதல்முறை படித்தபோது எனக்கு அவர்மேல் இருந்த பார்வையே மாறியது. ஒருவர் தன் கோபத்தைத் தானே தயாரித்து, ஆட்ட நேரத்துக்குச் சரியாக மூட்டி, மூன்று மணி நேரம் அணையாமல் காப்பாற்றுகிறார் என்றால் அது கட்டுப்பாட்டின் உச்சம். மிருகத்துக்கு அது வராது.

அதற்காக அவரைச் சாதுவாக்கிக் காட்டவும் நான் தயாராக இல்லை. குவியலுக்குள் கடித்தார், கண்ணில் விரலை விட்டார் என்றெல்லாம் எதிரணியினர் புகார் சொன்னார்கள். அவர் காலத்தின் இன்னொரு பயங்கரத் தற்காப்பு வீரரான டீக்கன் ஜோன்ஸ், பட்கஸ் ஒவ்வொரு முறை மோதும்போதும் எதிரியை ஆஸ்பத்திரிக்கு இல்லை, சுடுகாட்டுக்கே அனுப்பப் பார்ப்பவர் என்ற பொருள்பட ஒருமுறை சொன்னார். அந்த மோதல்களை இன்றைக்குப் பார்க்கும்போது எனக்குள் ஒரு தயக்கம் இருக்கத்தான் செய்கிறது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் வீரர் மைக் வெப்ஸ்டர் 2002-இல் இறந்தபோது அவருடைய மூளையைப் பரிசோதித்த டாக்டர் பென்னட் ஒமாலு, தொடர்ந்து தலையில் வாங்கிய அடிகளால் வந்த சிதைவை அதில் கண்டார். அதற்குப் பிறகு எந்தப் பழைய மோதலையும் வெறும் ரசனையோடு என்னால் பார்க்க முடிவதில்லை. 1960-களில் அடி வாங்கியவருக்கும் அது தெரியாது, அடித்தவருக்கும் தெரியாது.

பட்கஸ் பிறந்தது 1942 டிசம்பர் 9, சிகாகோவின் தெற்குப் பகுதியில். பிறக்கும்போதே 13 பவுண்டுக்கு மேல், கிட்டத்தட்ட ஆறு கிலோ. வீட்டில் எட்டுப் பிள்ளைகள், இவர்தான் கடைக்குட்டி. லிதுவேனியாவை வேராகக் கொண்ட குடும்பம். அப்பா எலக்ட்ரீசியன், அதிகம் பேசாதவர். அம்மா சலவைக்கூடத்தில் வாரத்துக்கு ஐம்பது மணி நேரம் வேலை பார்த்தார். வளர்ந்தது ரோஸ்லாண்ட் என்ற பேட்டையில். பக்கத்தில்தான் புல்மன் ரயில்பெட்டித் தொழிற்சாலை. உடலுழைப்பாளிகளின் பேட்டை அது. பதின்ம வயதில் அண்ணன்களோடு சேர்ந்து வீட்டுச் சாமான்கள் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனார். ஐந்தாம் வகுப்பிலேயே தொழில்முறைக் கால்பந்து வீரனாவது என்று முடிவு செய்துவிட்டாராம். அந்த வயதில் நூறு பிள்ளைகள் அப்படிச் சொல்வார்கள். இவர் பள்ளிக்கூடத்தையே அதற்காகத் தேர்ந்தெடுத்தார்: சிகாகோ வொக்கேஷனல் உயர்நிலைப் பள்ளி. அங்கிருந்த பயிற்சியாளர் பெர்னி ஓ'பிரையன் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் ஆடியவர் என்பதே காரணம். சிறுவயதில் அவருக்குப் பிடித்த அணி பேர்ஸ் இல்லை. அப்போது சிகாகோவில் இருந்த இன்னொரு அணியான கார்டினல்ஸ்தான்; அது 1960-இல் ஊரைவிட்டே போய்விட்டது.

கல்லூரிக் காலத்தை வேகமாகக் கடந்துவிடுகிறேன். இல்லினாய் பல்கலைக்கழகம், பயிற்சியாளர் பீட் எலியட். 1963 அணி தன் பிரிவில் முதலிடம் பிடித்து, 1964 புத்தாண்டு அன்று ரோஸ் பவுல் ஆட்டத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை 17-7 என்று ஜெயித்தது. பட்கஸ் எந்த நிலையிலும் சாம்பியன் அணியில் இருந்ததில்லை என்று சிலர் எழுதுவது தவறு, கல்லூரியில் இருந்தார். 1964-இல், கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்குத் தரும் ஹைஸ்மன் விருதின் வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்தார். அது பெரும்பாலும் குவார்ட்டர்பேக்குகளுக்கும் ஓட்டக்காரர்களுக்கும் போகும் விருது. தற்காப்பு வீரர் ஒருவர் அவ்வளவு மேலே வந்தது பெரிய விஷயம். பள்ளிக் காலத்துக் காதலி ஹெலனை மாணவராக இருக்கும்போதே மணந்துகொண்டார். சாகும்வரை அந்த மணவாழ்க்கை நீடித்தது.

கல்லூரி முடித்து வரும் வீரர்களை லீக் அணிகள் வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் 1965-க்கான வீரர் தேர்வில் பேர்ஸ் ஒரே மூச்சில் இரண்டு பேரை எடுத்தது. மூன்றாவது இடத்தில் பட்கஸ், நான்காவது இடத்தில் ஓட்டக்காரர் கேல் சேயர்ஸ். இரண்டு பேருமே இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய பெயர்களாக ஆனார்கள். அடுத்தடுத்த தேர்வில் ஒரே அணி இப்படி இரண்டு பேரைப் பிடித்த இன்னொரு உதாரணம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அந்த மூன்றாவது இடம் உண்மையில் ஸ்டீலர்ஸுக்குச் சேர வேண்டியது; ஒரு பரிமாற்றத்தில் பேர்ஸ் கைக்கு வந்திருந்தது. ஸ்டீலர்ஸ் இந்தக் கதையில் இன்னொரு முறையும் வரும். போட்டி லீக்கின் டென்வர் பிராங்கோஸும் பட்கஸைத் தேர்ந்தெடுத்திருந்தது. அவர் சொந்த ஊரிலேயே இருந்துவிட்டார்.

பேர்ஸின் முதலாளியும் பயிற்சியாளரும் ஒருவரே: ஜார்ஜ் ஹாலஸ். லீக்கை உருவாக்கியவர்களில் ஒருவர். அணியைத் தன் குடும்பச் சொத்தாக நடத்தியவர். பைசா பைசாவாகக் கணக்குப் பார்ப்பவர் என்று பெயர் எடுத்தவர். பட்கஸ் வந்து சேர்ந்தபோது அவருடைய இடத்தில் பில் ஜார்ஜ் இருந்தார். நடு லைன்பேக்கர் என்ற இடத்துக்கே உருவம் கொடுத்தவர்களில் ஒருவர் அவர். இருபத்திரண்டு வயதுப் பையன் அவரை ஓரம் கட்டிவிட்டு முதல் ஆட்டத்திலேயே களத்தில் நின்றான். சான் பிரான்சிஸ்கோவோடு அந்த ஆட்டம். யாருடைய உதவியும் இல்லாமல் 11 பேரைச் சாய்த்தான். ஆட்டத்தை பேர்ஸ் 52-24 என்று தோற்றது. அவருடைய ஒன்பது ஆண்டு வாழ்க்கைக்கும் இந்த ஓர் ஆட்டமே முன்னுரை மாதிரி அமைந்துவிட்டது.

முதல் ஆண்டு அவ்வளவு மோசமில்லை. 9 வெற்றி, 5 தோல்வி. சேயர்ஸ் 22 டச்டவுன்கள் அடித்தார், அதாவது 22 முறை பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்த்தார். இந்த இரண்டு பேரை வைத்துக்கொண்டு பத்து வருடம் ஆளலாம் என்றுதான் யாருக்கும் தோன்றியிருக்கும். நடந்தது வேறு. நல்ல குவார்ட்டர்பேக் கடைசிவரை கிடைக்கவில்லை. 1968 நவம்பரில் சேயர்ஸின் வலது முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. அவர் அடுத்த ஆண்டே திரும்பி வந்து 1,032 கெஜம் ஓடி லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். அதுதான் 13 ஆட்டங்களில் தோற்ற அந்த 1969. லீக்கின் முதல் ஓட்டக்காரரும் முதல் தற்காப்பு வீரரும் ஒரே அணியில் இருந்தும் ஒரே ஒரு வெற்றிதான்!

அந்த ஒரு வெற்றியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதல் ஏழு ஆட்டங்களையும் தோற்றபின், நவம்பர் 9 அன்று சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட் மைதானத்தில் ஸ்டீலர்ஸைச் சந்தித்தார்கள். பட்கஸ் அன்று எதிரணியின் குவார்ட்டர்பேக் டிக் ஷைனரை அவருடைய சொந்த எல்லைக்குள்ளேயே மடக்கிச் சாய்த்து இரண்டு புள்ளி எடுத்தார். தொழில்முறை வாழ்க்கையில் அவர் எடுத்த முதல் புள்ளிகள் அவை. பேர்ஸ் 38-7 என்று ஜெயித்தது. அந்த ஆண்டு ஸ்டீலர்ஸும் 14-இல் ஒன்றுதான் ஜெயித்திருந்தது. ஆக, இரண்டு அணிகளும் கடைசி இடத்தில் சமம். கடைசி இடத்து அணிக்குத்தான் வீரர் தேர்வில் முதல் வாய்ப்பு. அடுத்த வீரர் தேர்வில் முதல் வாய்ப்பு யாருக்கு என்று 1970 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸில் நாணயம் சுண்டிப் பார்த்தார்கள். பேர்ஸ் அதிலும் தோற்றது. ஸ்டீலர்ஸ் அந்த வாய்ப்பில் எடுத்த குவார்ட்டர்பேக் டெர்ரி பிராட்ஷா. அவர் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை நான்கு முறை வென்று கொடுத்தார். நவம்பரில் அந்த ஒரு ஆட்டத்தையும் பேர்ஸ் தோற்றிருந்தால் நாணயத்துக்கே அவசியம் இருந்திருக்காது. பட்கஸ் அன்று கொஞ்சம் அடக்கி ஆடியிருந்தால் என்று யோசித்துப் பார்க்கிறேன். அவரால் முடிந்திருக்காது. தோற்பது லாபம் என்ற கணக்கெல்லாம் அவருடைய தலைக்குள் ஏறவே ஏறாது. அவர்மேல் எனக்குள்ள மரியாதையின் பெரும் பகுதி இதனால்தான்.

1971-இல் நடந்த இன்னோர் ஆட்டம். நவம்பர் 14, சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்ட் மைதானம், எதிரணி வாஷிங்டன். அதன் பயிற்சியாளர் ஜார்ஜ் ஆலன் 1965-இல் பேர்ஸில் பட்கஸுக்கே தற்காப்புப் பயிற்சி கொடுத்தவர். பேர்ஸின் சிரில் பிண்டர் 40 கெஜம் ஓடி டச்டவுன் அடிக்க, 15-15 என்று சமமானது. அதன் பிறகு பந்தை உதைத்துக் கம்பத்துக்குள் அனுப்பினால் ஒரு புள்ளி. சாதாரணமாக அது சடங்கு மாதிரி முடிந்துவிடும். அன்று உதைப்பதற்காகப் பின்னால் அனுப்பிய பந்து எகிறிப் போய்விட்டது. பந்தைத் தரையில் நிறுத்திப் பிடிக்க வேண்டிய பாபி டக்ளஸ் ஓடிப்போய் அதை எடுத்தார். எதிரணியினர் துரத்த, பக்கவாட்டில் ஓடினார். பட்கஸ் அந்த நேரத்தில் களத்தில் இருந்ததே உதைப்பவரைக் காக்கத்தான். அவர் நிலைமையைப் பார்த்துவிட்டு நேரே எல்லைக்குள் ஓடினார். டக்ளஸ் எறிந்த பந்து உயரமாக வந்தது. ஓய்ந்துபோன முழங்காலோடு அந்த 111 கிலோ மனிதர் எம்பிக் குதித்து அதைப் பிடித்தார். 16-15. தன் வாழ்க்கையில் தனக்கு மிகவும் பிடித்த ஆட்டத் தருணம் அதுதான் என்று பின்னாளில் சொன்னார். யாரையும் சாய்க்காத, யாரையும் அடிக்காத ஒரு தருணத்தைப் போய் அவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். அன்று 6 வெற்றி, 3 தோல்வி என்று நிமிர்ந்து நின்ற பேர்ஸ் அடுத்த ஐந்து ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்றது.

சரி, முழங்காலுக்கு வருகிறேன். உண்மையில் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

1970 சீசன் முடிந்ததும் அவருடைய வலது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. அது சரியாகத் தேறவில்லை. 1971-இல்தான் பேர்ஸ் சோல்ஜர் ஃபீல்டுக்கு இடம் மாறியது. அங்கே புல்லுக்குப் பதிலாகச் செயற்கைத் தரை விரித்திருந்தார்கள். கெட்டியான தளத்தின் மேல் கம்பளம் போட்ட மாதிரி. கால் திரும்ப வேண்டிய இடத்தில் அது பிடித்து நிறுத்தும். பட்கஸ் 1971-லும் 1972-லும் அந்தத் தரையில்தான் ஆடினார். வலிக்கு ஊசி போட்டார்கள். அந்த ஊசி மருந்தான கார்டிசோன் வீக்கத்தைக் குறைக்கும், வலியை மழுங்கடிக்கும். கிழிந்த தசைநாரை அது ஒட்டாது. திரும்பத் திரும்பப் போட்டால் மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புக்கே கேடு. மருத்துவருக்குச் சம்பளம் கொடுப்பது அணி. இந்த வாரம் ஆட முடியுமா என்று சொல்வது அதே மருத்துவர்.

என் அப்பா ஓர் ஆலையில் வேலை பார்த்தார். முட்டி வீங்கி நடக்க முடியாமல் போனபோது ஆலை மருத்துவர் வலிக்கு ஊசி போட்டு, வேலைக்குத் தகுதியானவர் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அப்பாவும் போனார். வெளியே வேறு டாக்டரிடம் காட்டலாமே என்று அம்மா சொன்னதற்கு, அந்தச் சீட்டை ஆலையில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்றார். பட்கஸின் முழங்கால் பற்றிப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உலகத்தின் மிகப் புகழ்பெற்ற வீரர்களில் ஒருவர், வருடத்துக்கு லட்சம் டாலருக்கு மேல் வாங்கியவர், அவருக்கும் இதே கதைதானா என்று ஆறவே இல்லை.

1973-இல் ஐந்து ஆண்டுகளுக்குப் புதிய ஒப்பந்தம் போட்டார்கள், வருடத்துக்கு 1,15,000 டாலர். அந்த சீசனில் அட்லாண்டாவுக்கு எதிரான ஆட்டத்தின் நடுவே பட்கஸ் தானாகவே களத்தைவிட்டு வெளியே நடந்தார். அவரை அறிந்தவர்களுக்கு அது என்னவென்று புரிந்திருக்கும். இழுத்துக்கொண்டு போனால் ஒழிய வெளியே வராத மனிதர் அவர். 1974-இல் ஓய்வை அறிவித்தார். வயது 31. ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த ஆண்டுகளுக்குப் பணம் தர பேர்ஸ் மறுத்தது. பட்கஸ் நீதிமன்றத்துக்குப் போனார். என் முழங்கால் இருந்த நிலை தெரிந்தும், அறுவை சிகிச்சை தேவைப்பட்ட நேரத்தில் ஊசி போட்டு ஆடவைத்தார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. 16 லட்சம் டாலர் கேட்டார். கடைசியில் நீதிமன்றத்துக்கு வெளியே 6 லட்சத்துக்குச் சமரசமானது.

இது வெறும் பணத் தகராறு என்று அப்போது பலர் சொன்னார்கள், சொந்த அணிமேல் வழக்குப் போடுவதா என்று அவரை ஏசியவர்களும் உண்டு. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. அணி அவரிடம் கேட்டது அனைத்தையும் அவர் கொடுத்தார். பதிலுக்கு அவர் கேட்டது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தொகையை. 1982-இல் வீரர்கள் 57 நாள் வேலைநிறுத்தம் செய்த பிறகு வந்த ஒப்பந்தத்தில்தான், அணி மருத்துவர் சொன்னதற்கு மேல் வேறு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்கும் உரிமை எழுத்தில் வந்தது. பட்கஸ் ஓய்வு பெற்று எட்டு வருடம் கழித்து. அவருடைய வழக்கு மட்டுமே அதைக் கொண்டுவந்தது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பாதையில் அது ஒரு பெரிய அடி என்று சொல்வேன்.

ஹாலஸும் அவரும் ஐந்து வருடம் பேசிக்கொள்ளவில்லை. 1979-இல், ஹாலஸ் எழுதிய தன்வரலாற்றின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு பட்கஸ் அவரிடம் கையெழுத்து வாங்கப் போனார். யார் முதலில் இறங்கி வருவது என்று அத்தனை வருடம் இழுத்துக்கொண்டிருந்த இரண்டு பிடிவாதக்காரர்கள். பேர்ஸ் வரலாற்றிலேயே மிகச் சிறந்த ஆட்டக்காரரான டிக் பட்கஸுக்கு என்று எழுதிக் கையெழுத்திட்டார் கிழவர். 1920-களின் நட்சத்திரம் ரெட் கிரேஞ்சிலிருந்து சேயர்ஸ்வரை அத்தனை பேரையும் ஆடவைத்துப் பார்த்தவர் எழுதிய வரி அது. மருத்துவத்திலும் பணத்திலும் அவர் செய்ததை அந்த வரி அழித்துவிடாது. ஆனாலும் தன் கையால் அதை எழுதினாரே என்பதில் எனக்கு ஒரு நிறைவு இருக்கிறது. அதே 1979-இல், தகுதி பெற்ற முதல் வருடத்திலேயே, பட்கஸ் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். மேடையில் அவரை அறிமுகம் செய்து பேச அவர் அழைத்தது கல்லூரிப் பயிற்சியாளர் பீட் எலியட்டை.

ஓய்வுக்குப் பிறகான வாழ்க்கை நீளமானது. விளம்பரங்களில் நடித்தார், தொலைக்காட்சித் தொடர்களில் நடித்தார், முரட்டு முகத்தை வைத்துக்கொண்டே மக்களைச் சிரிக்கவைத்தார். கல்லூரியின் சிறந்த லைன்பேக்கருக்கு 1985-லிருந்து அவர் பெயரில் விருது கொடுக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஊக்க மருந்து எடுப்பதற்கு எதிராக இயக்கம் நடத்தினார். 2001-இல் இதயத்தில் ஐந்து அடைப்புகளுக்கு பைபாஸ் நடந்தது. அந்த வலது முழங்காலுக்குப் பதிலாகப் பின்னாளில் உலோக மூட்டு வைத்தார்கள். வயதான காலத்துப் பேட்டிகளில் அவர் நாற்காலியிலிருந்து எழும்போது பாருங்கள். கைகளை ஊன்றி, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, இடது காலால் எழுவார்.

பேர்ஸ் 1985 சீசனில் ஒருவழியாக சூப்பர் பவுலை ஜெயித்தபோது அவர் எங்கே இருந்தார் தெரியுமா? அந்த வருடம் பேர்ஸ் ஆட்டங்களின் வானொலி வர்ணனையாளர்களில் ஒருவர் அவர். தான் நின்ற இடத்தில் மைக் சிங்கிள்டரி நின்று ஆடியதை ஒவ்வொரு வாரமும் மைக்கில் வர்ணித்தார். ஹாலஸ் அதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்துவிட்டார்.

1994 அக்டோபர் 31 இரவு, சோல்ஜர் ஃபீல்டில் கொட்டும் மழை. எதிரணி பரம வைரியான கிரீன் பே பேக்கர்ஸ். இடைவேளையில் பட்கஸின் 51-ஐயும் சேயர்ஸின் 40-ஐயும் இனி யாருக்கும் தருவதில்லை என்று அணி அறிவித்தது. இவர் ஓய்வு பெற்று இருபது வருடம் கழித்துத்தான் அதற்கு மனம் வந்தது. ஆட்டத்தில் பேர்ஸ் 33-6 என்று தோற்றது. பட்கஸ் ஆடிய ஒன்பது ஆண்டுகளின் கணக்கு இது: 48 வெற்றி, 74 தோல்வி, 4 சமன். சீசன் முடிந்ததும் தகுதி பெற்ற அணிகள் மட்டும் கோப்பைக்காக ஆடும் பிளேஆஃப் ஆட்டம் ஒன்றுகூட அவர் ஆடியதில்லை. லீக்கின் சிறந்த வீரர்களைத் திரட்டி ஆடும் புரோ பவுல் ஆட்டத்துக்கு எட்டு முறை தேர்வானார்.

கோப்பை ஜெயித்தவர்களுக்குத் தரும் மோதிரம் இல்லாத ஒருவரை மிகச் சிறந்தவர் என்று எப்படிச் சொல்வது என்று இங்கே இளைஞர்கள் என்னிடம் வாதாடுவதுண்டு. கோப்பையை எண்ணித்தான் ஆளை எடைபோட வேண்டும் என்ற பழக்கம் எல்லா ஆட்டத்திலும் வந்துவிட்டது. நான் அவர்களை 1969 ஆட்டம் ஏதாவது ஒன்றின் கடைசிப் பதினைந்து நிமிடத்தைப் பார்க்கச் சொல்வேன். தோல்வி நிச்சயமாகிவிட்ட நேரம். மற்றவர்கள் நடந்துகொண்டிருப்பார்கள். 51 மட்டும் முதல் நிமிடத்தில் ஓடிய அதே வேகத்தில் களத்தின் குறுக்கே ஓடிக்கொண்டிருப்பார்.

2023 அக்டோபர் 5 அன்று, கலிபோர்னியாவின் மலிபுவில் உள்ள தன் வீட்டில் தூக்கத்திலேயே பட்கஸ் இறந்தார். வயது 80. அன்று வியாழக்கிழமை, பேர்ஸுக்கு ஆட்டம் இருந்தது, 1971-இல் அவர் எம்பிப் பிடித்த அதே வாஷிங்டனோடு. முந்தைய ஆண்டிலிருந்து தொடர்ந்து 14 ஆட்டங்களைத் தோற்றுவிட்டுத்தான் பேர்ஸ் அங்கே போயிருந்தது. பேர்ஸின் குவார்ட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் நான்கு டச்டவுன்களுக்குப் பந்து எறிந்தார். டி.ஜே. மூர் பந்தைப் பிடித்து 230 கெஜம் எடுத்தார். பேர்ஸ் 40-20 என்று ஜெயித்தது.